நிழலும் கடிகாரமும்



நான் இப்போது உட்கார்ந்து பேசுகின்ற இந்த ஒலிப்பதிவு அறையில், என் கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. பேச்சை எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளையிடுவது அதுவே. உங்களில் பலருடைய வீடுகளில், வானொலி அறிவிக்கும் நேரத்தைக் கேட்டுத்தான் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. வானொலி சொல்லும் நேரம் சரியான நேரம் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த நம்பிக்கையை நான் குறை கூற வரவில்லை. ஆனால், சரியான நேரம் என்பது யாது, அதைச் சரி என்று முடிவு செய்தவர் யார் என்று நீங்கள் என்றைக்காவது எண்ணியதுண்டா? எனக்கு அந்தக் கேள்வி என் பத்தாம் வயதில், ஒரு கிணற்று மேட்டில் எழுந்தது. அந்தக் கதையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் காங்கேயத்தை அடுத்த ஒரு சிற்றூர். ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். கிணற்று நீரை நம்பியே பயிரும் மக்களும் வாழ வேண்டும். என் தந்தையின் தந்தையை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, அப்பாரு என்று நாங்கள் அழைப்போம். அவரும் அவருடைய தமையனாரும் பாகம் பிரித்துக்கொண்டபோது, நிலத்தைப் பிரிக்க முடிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆகவே தண்ணீரைப் பிரிப்பதற்காகப் பொழுதைப் பிரித்துக்கொண்டார்கள். விடியலிலிருந்து உச்சிப்பொழுது வரையில் தமையனார் வீட்டார் கவலை ஓட்டி நீர் இறைத்துக்கொள்வது; உச்சிப்பொழுதிலிருந்து அந்தி வரையில் எங்கள் வீட்டார் இறைத்துக்கொள்வது. இதுதான் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. உச்சிப்பொழுதை அறிவதற்குக் கிணற்று மேட்டில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு கல் நட்டிருந்தது. அதன் அடியிலிருந்து நேர் வடக்காகவும் நேர் தெற்காகவும் பாறையில் ஒரு கோடு கீறியிருந்தது. கல்லின் நிழல் அந்தக் கோட்டின் மேல் வந்து விழும்போது மாட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு என் தந்தையார் நகரத்திலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தார். அதைப் பார்த்துத்தான் நான் மணி சொல்லக் கற்றேன். சிறு முள் மணியைக் காட்டும், பெரு முள் நிமிடத்தைக் காட்டும் என்பது எனக்கு விளங்கிய நாளில் நான் அடைந்த பெருமைக்கு அளவே இல்லை. அந்த ஐப்பசி மாதத்தில் கடிகாரம் பன்னிரண்டு அடித்த சில நிமிடங்களில் கல்லின் நிழலும் கோட்டைத் தொட்டுவிடும். இரண்டும் ஒன்றே சொல்கின்றன என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

தை மாதக் கடைசியில் நிலைமை மாறியது. அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. கிணற்றில் நீர் ஊற ஊறத்தான் இறைக்க முடியும். இரு வீட்டாருடைய மிளகாய்ச் செடிகளும் வாடி நின்றன. ஒருநாள் இரண்டு முட்களும் ஒன்றுகூடி மணி பன்னிரண்டு அடித்ததும், நான் கிணற்று மேட்டுக்கு ஓடினேன். அங்கே கவலை ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்தத் தமையனாரின் மகன். எனக்குப் பெரியப்பா முறை. "பெரியப்பா, மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, மாட்டை அவிழ்த்துவிடுங்கள்!" என்று கூவினேன். அவர் வாய் பேசாமல் கல்லைக் காட்டினார். நிழல் கோட்டைத் தொடுவதற்கு இன்னும் அரைச் சாணுக்கு மேல் இருந்தது.

அதற்குள் என் தந்தையாரும் வந்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய கடிகாரமா பொய் சொல்லும் என்றார் அவர். சூரியனா பொய் சொல்லும் என்றார் பெரியப்பா. சொல்லுக்குச் சொல் குரல் உயர்ந்தது. அண்ணன் தம்பி உறவு அந்தக் கிணற்று மேட்டிலேயே அறுந்துவிடுமோ என்று நான் நடுங்கினேன். அப்போது அப்பாரு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடிகாரத்தின் சொல்லை ஏற்றால் எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரத் தண்ணீர் மிகுதியாகக் கிடைக்கும். அது அவருக்கும் தெரியும். அவர் கல்லைப் பார்த்தார்; பிறகு சொன்னார்: "எங்க அண்ணனும் நானும் பேசிக்கிட்டது இந்தக் கல்லை வெச்சு; கடியாரத்தை வெச்சு அல்ல. நிழல் வரட்டும்."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சித்தப்பா" என்றார். நிழல் கோட்டைத் தொடும் வரையில் அப்பாரு வெயிலிலேயே நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போது நான் அழுதுகொண்டே, "அப்பாரு, அப்படியானால் நம் கடிகாரம் பொய்யா?" என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது கண்ணு. நீ படிச்சுச் சொல்லு" என்றார் அவர். அதைப் படித்துச் சொல்வதற்கு எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. அப்படிப் படித்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், காலத்தை அளப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். துணியை அளக்க வேண்டுமானால் துணியின் மேலேயே முழக்கோலை வைக்கிறோம். நெல்லை அளக்க வேண்டுமானால் நெல்லையே மரக்காலில் கொட்டுகிறோம். காலத்தை அப்படிக் கையில் எடுக்க முடியாது. சென்ற நிமிடத்தையும் இந்த நிமிடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆகவே மனிதன் ஓர் உபாயம் செய்தான். ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப நிகழும் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது எத்தனை முறை நிகழ்கிறது என்று எண்ணத் தொடங்கினான். சூரியன் உதிப்பது, சந்திரன் வளர்ந்து தேய்வது, பாத்திரத்தில் நீர் நிரம்புவது, ஊசல் ஆடுவது ஆகிய எல்லாம் அப்படித் தேர்ந்துகொண்டவையே. கடிகாரம் எதுவாயினும், அது காலத்தைக் காட்டுவதில்லை. ஒரு நிகழ்ச்சியை எண்ணிக் காட்டுகிறது.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகைக்கு நம் கணக்கில் 24 நிமிடம். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்ற ஆறு சிறுபொழுதுகளுக்கும் தனித்தனியே பத்து நாழிகை. பழைய முல்லைப்பாட்டில், பாசறையில் தங்கியுள்ள மன்னனுக்கு நீர்க் கன்னலின் துணையால் பொழுதை அளந்து சொல்லும் நாழிகைக் கணக்கரைக் காண்கிறோம். அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்க விட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று கணக்கிடும் முறையும் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்தது.

எங்கள் அப்பாருவுக்கு வட்டிலும் வேண்டியதில்லை. காய்ந்த புல் ஒன்றை எடுத்து, 16 விரற்கடை நீளத்துக்கு நறுக்குவார். அதை ஓரிடத்தில் மடக்கி, ஒரு பகுதி தரையில் படுத்தும் மற்றப் பகுதி செங்குத்தாக நின்றும் இருக்குமாறு வெயிலில் வைப்பார். நிற்கும் பகுதியின் நிழல், படுத்திருக்கும் பகுதியின் நுனியில் சரியாக முடியும் வரையில் மடிப்பை இப்படியும் அப்படியும் மாற்றுவார். நிழல் பொருந்தியதும், நிற்கும் பகுதியை விரலால் அளப்பார். அது எத்தனை விரற்கடையோ, சூரியன் உதித்து அத்தனை நாழிகை. பிற்பகலானால், சூரியன் அடைவதற்கு அத்தனை நாழிகை. சூரியன் உதித்து மூன்று மணி நேரம் ஆனபோது அது ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது நிழலும் பொருளும் ஒரே நீளம்; ஆகவே புல் சரிபாதியாக மடியும். 8 நாழிகை என்று விடை வரும். உண்மையான கணக்கு ஏழரை நாழிகை. ஒரு புல்லிடம் இதைவிட மிகுதியாக எதிர்பார்ப்பது நியாயமன்று.

இனிக் கல்லின் வழக்குக்கு வருவோம். நிழலும் கடிகாரமும் ஏன் மாறுபட்டன? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இடத்தைப் பற்றியது. மற்றொன்று பருவத்தைப் பற்றியது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊருக்குச் சூரியன் முன்னதாகவே உச்சிக்கு வரும். மேற்கே உள்ள ஊருக்குப் பிந்தி வரும். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி நண்பகல் உண்டு. மாட்டு வண்டியில் பயணம் செய்த காலத்தில் இதனால் ஒருவருக்கும் துன்பம் இல்லை. ரெயிலும் தந்தியும் வந்தபோது தொல்லை தொடங்கியது. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ரெயிலுக்கு அட்டவணை எழுதுவது எப்படி?

சென்னையில் நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தனர். அங்கே தொலைநோக்கியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறித்தது, இன்னும் இருக்கிறது. விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் கணத்தைக் குறித்துக் கணித்த சென்னை நேரம், கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. சென்னை ஏறக்குறைய நாட்டின் நடுவில் அமைந்த தீர்க்கரேகையில் இருந்ததால், இந்திய ரெயில்கள் பல ஆண்டுகள் அந்தச் சென்னை நேரத்தைக்கொண்டே ஓடின. பின்னர், கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எண்பத்திரண்டரைப் பாகையில், உத்தரப் பிரதேசத்து மிர்ஜாப்பூரை ஒட்டிச் செல்லும் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு, 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியப் பொது நேரம் 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதன் பின்னரும் பல்லாண்டுகள் தம் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் கடிகாரம் காட்டுவது இந்தப் பொது நேரத்தையே. எங்கள் ஊர் ஏறக்குறைய எழுபத்தேழரைப் பாகையில் இருக்கிறது. பொது நேரத்துக்குரிய ரேகைக்கு அது 5 பாகை மேற்கே. ஐந்துக்கு நான்காகப் பெருக்கினால் 20 நிமிடம். கடிகாரம் பன்னிரண்டு அடித்த பிறகு, சூரியன் எங்கள் ஊர் உச்சிக்கு வருவதற்குச் சராசரியாக 20 நிமிடம் ஆகும். இது முதற் காரணம்.

அப்படியானால் ஐப்பசியிலும் 20 நிமிடம் மாறுபட்டிருக்க வேண்டுமே, அப்போது ஏன் இரண்டும் ஒத்துப்போயின என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விதான் என்னையும் நெடுநாள் வருத்தியது. அதற்கு விடை இரண்டாவது காரணத்தில் இருக்கிறது.

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்வதற்கு ஆகும் நேரம் 24 மணி அன்று. 23 மணி 56 நிமிடமே. ஆனால் அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. ஆகவே சூரியனை மறுபடி நேர் உச்சியில் காண்பதற்கு இன்னும் ஒரு பாகை சுழல வேண்டும். அதற்கு மேலும் 4 நிமிடம். இப்படித்தான் 24 மணி ஆகிறது. பூமி செல்லும் பாதை சரியான வட்டமாக இருந்து, அதன் அச்சும் சாயாமல் இருந்திருந்தால், எல்லா நாளும் ஒரே அளவாக இருந்திருக்கும். ஆனால் பாதையோ சற்றே நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து விரைவாகச் செல்கிறது. அச்சோ ஏறக்குறைய இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது. இவ்விரண்டாலும், ஓர் உச்சியிலிருந்து மறு உச்சி வரையிலான நாள், மார்கழியில் 24 மணியைவிட ஏறக்குறைய அரை நிமிடம் நீண்டும், புரட்டாசித் தொடக்கத்தில் இருபது வினாடி குறைந்தும் போகிறது. நாள் ஒன்றுக்கு அரை நிமிடம் அற்பம்தான். ஆனால் சிறு துளி பெரு வெள்ளம் என்பது இங்கும் உண்மை. நாள்தோறும் சேர்ந்து சேர்ந்து, நவம்பர்த் தொடக்கத்தில் சூரியன் சராசரியைவிட 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் உச்சிக்கு வருகிறது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஐப்பசியில், 20 நிமிடப் பிந்துதலில் 16 நிமிடம் கழிந்து, மாறுபாடு நான்கே நிமிடம். தைக் கடைசியில், 20 நிமிடத்தோடு 14 நிமிடம் சேர்ந்து, மாறுபாடு 34 நிமிடம்! அந்த நாளில் எங்கள் ஊரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6 மணி 42 நிமிடத்துக்கு. அடைவது மாலை 6 மணி 26 நிமிடத்துக்கு. கடிகாரத்துப் பன்னிரண்டு மணியை நடுவாகக் கொண்டால், முற்பகல் பங்கு ஐந்தேகால் மணிக்குச் சற்று மிகுதி. பிற்பகல் பங்கோ ஆறரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரே கிணற்றில் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலான நீர் மிகுதியாகப் போயிருக்கும். கணக்குத் தெரியாத என் பாட்டனார் அந்த அநியாயத்தைத் தடுத்தார்.

ஆயினும் கடிகாரமும் பொய் சொல்லவில்லை. கல் காட்டியது எங்கள் ஊரின் அன்றைய நண்பகலை. கடிகாரம் காட்டியது, மிர்ஜாப்பூர் ரேகையின் நண்பகலை ஆண்டு முழுவதற்கும் சராசரியாக்கிய பொழுதை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு உரிய விடைகள். பொது நேரம் இல்லாவிட்டால் ரெயிலும் இல்லை, வானொலியும் இல்லை. ஆனால் அந்தப் பொதுமைக்காக ஒவ்வோர் ஊரும் தன் நண்பகலைச் சிறிது விட்டுக்கொடுத்திருக்கிறது. நம் நாட்டின் மேற்குக் கோடியான கச்சுக்கும் கிழக்குக் கோடியான அருணாசலத்துக்கும் சூரியன் உதிப்பதில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேறுபாடு உண்டு. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் வெளிச்சத்தை வீணாக்காமல் இருப்பதற்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது.

பூமியின் சுழற்சியாவது மாறாதது என்று எண்ணிவிடாதீர்கள். கடலின் ஏற்றவற்றம் அதை மெல்ல மெல்லத் தடுத்து வருகிறது. ஆகவே 1967-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பூமியை விட்டுவிட்டு அணுவை நாடினார்கள். சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர், 919,26,31,770 முறை அதிரும் நேரமே ஒரு வினாடி என்று வகுத்தார்கள். இந்திய நேரத்தை இன்று காப்பது, புதுடில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அணுக் கடிகாரங்களே. பூமி பிந்தும்போது அணு நேரத்தோடு ஒரு வினாடியைச் சேர்ப்பது என்று 1972-இல் ஏற்பாடு செய்து, 2016-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 27 வினாடிகள் சேர்த்தார்கள். இவ்வழக்கத்தை 2035-ஆம் ஆண்டுக்குள் மாற்றிவிட 2022-இல் உலக நாடுகள் தீர்மானித்தன. பாருங்கள், அணுவின் காலத்திலும் மனிதர்கள் கூடி உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது!

இதற்கும் அப்பால் ஒரு வியப்பு உண்டு. எல்லா இடத்திலும் காலம் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்று ஐன்ஸ்டைன் 1905-இலும் 1915-இலும் வெளியிட்ட தம் கொள்கைகளில் காட்டினார். விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். பூமியின் ஈர்ப்பிலிருந்து உயர்ந்து சென்ற கடிகாரம் வேகமாக ஓடும். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நாம் வழி அறிய உதவும் துணைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள், தரையில் உள்ளவற்றைவிட நாள் ஒன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் நம் இருப்பிடக் கணக்கு ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிசகிவிடும்.

ஆகவே, மணி பார்க்கக் கற்பது என்பது முட்களைப் படிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது எதை எண்ணுகிறது? எங்கிருந்து எண்ணுகிறது? யார் யார் ஒப்புக்கொண்டு எண்ணுகிறார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தவனே மணி பார்க்கத் தெரிந்தவன்.

ஒரு சிறு வேலையும் உங்களுக்குத் தருகிறேன். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ வெயில் நன்றாக விழும் இடத்தில், ஒரு நேரான கோலைச் செங்குத்தாக நடுங்கள். நிழல் மிகவும் குறுகும் கணத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறையாக ஓர் ஆண்டு இதைச் செய்யுங்கள். உங்கள் ஊரின் தீர்க்கரேகையும், பூமிப் பாதையின் நீள்வட்டமும், அச்சின் சாய்வும் அந்த ஒரு கோலின் நிழலில் உங்களுக்குப் புலப்படும். எங்கள் ஊர்ப் பக்கத்தில், சித்திரைத் தொடக்கத்தில் ஒரு நாளும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு நாளும், நண்பகலில் நிழலே இராது. அந்த நாளைக் கண்டுபிடித்துப் பாருங்கள்.

கல்லூரியில் இவற்றைக் கற்ற ஆண்டு, விடுமுறையில் ஊருக்குச் சென்று, அப்பாருவின் முன்னால் ஒரு விளக்கையும் ஓர் எலுமிச்சம் பழத்தையும் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்படீன்னா கல்லும் பொய் சொல்லலை, கடியாரமும் பொய் சொல்லலை. எதை வெச்சுப் பேசினோம்கிறதை நாமதான் மறந்துட்டோம்" என்றார். நான் பத்தாண்டுகள் படித்துச் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பின்னர் கவலை போய் மின்சார மோட்டார் வந்தபோது, என் தந்தையாரும் பெரியப்பாவும் என்னைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார்கள். முறை மாறும் நேரம் கடிகாரத்தில் 12 மணி 20 நிமிடம் என்று சொன்னேன். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் அதுவே இரு வீட்டாருக்கும் சமம். இருவரும் அதை ஒப்புக்கொண்டு, மோட்டார் அறையின் சுவரில் கரியால் எழுதி வைத்தார்கள். அந்தக் கல்லை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

என் எதிரே இருக்கும் கடிகாரம் எனக்கு உரிய நேரம் முடிந்தது என்கிறது. அதோடு நான் செய்துகொண்ட ஒப்பந்தப்படி நிறுத்திக்கொள்கிறேன்.